லவுட்டர்புருன்னன்: இடைத்தட்டில் நடந்து பாருங்கள்

சுவிட்சர்லாந்துக்குச் சுற்றுலா போகும் நம்மவர்களில் பெரும்பாலோர் லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கை ரயில் ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறார்கள். காலையில் இண்டர்லாக்கனில் ரயில் ஏறி, 3,454 மீட்டர் உயரத்தில் உள்ள யுங்ஃப்ரவ்யோஹ் நிலையத்தில் இறங்கி, பனியில் நின்று படம் எடுத்துக்கொண்டு மாலைக்குள் திரும்பிவிடுவார்கள். அந்தப் பயணத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் முடிய, கால் நடையாகப் போனால்தான் இந்தப் பள்ளத்தாக்கு பிடிபடும். அதற்கு மலையேறத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இரண்டு மணி நேரம் நிதானமாக நடக்க முடிந்தால் போதும்.

நடக்கத் தொடங்குமுன் லவுட்டர்புருன்னன் ஊர்த் தெருவில் நின்று இரு பக்கச் சுவர்களையும் ஒரு முறை நன்றாகப் பாருங்கள். ஊர் இருப்பது சுமார் 800 மீட்டர் உயரத்தில். இருபுறமும் சுண்ணாம்புப் பாறை செங்குத்தாக எழுந்து நிற்கிறது. பனியுகத்தில் இவ்வழியே நகர்ந்த பெரும் பனியாறு பள்ளத்தாக்கை ஆழமாகக் குடைந்தது. பக்கத்துச் சிறு பனியாறுகளுக்கு அந்த அளவு குடையும் வலு இல்லை. பனி உருகி வடிந்தபோது பக்க ஓடைகள் அந்தரத்தில் விடப்பட்டன. அவைதான் இன்று சுவர் விளிம்பிலிருந்து அருவிகளாக விழுகின்றன. சுவருக்கு மேலே நிலம் மறுபடி சரிவு குறைந்து திண்ணைபோல் விரிகிறது. மேற்கே முர்ரன், கிழக்கே வெங்கன் என்ற ஊர்கள் அந்தத் திண்ணையில்தான் இருக்கின்றன. அதற்கும் மேலே பனிச் சிகரங்கள். ஆக மூன்று தட்டுகள். கீழ்த்தட்டில் நின்றால் இடைத்தட்டு சரியாகத் தெரியாது. சிகரத்தில் நின்றால் பள்ளத்தாக்கின் ஆழம் தெரியாது. இரண்டும் ஒருசேரக் கண்ணில் படுவது இடைத்தட்டில்தான். கோடை நடைக்கு ஏற்ற இடம் அதுவே.

கீழ்த்தட்டை விட்டுவிடவும் வேண்டாம். ஊரை ஒட்டி விழும் ஷ்டவ்பாக் அருவி ஏறத்தாழ 300 மீட்டர் உயரம். கவிஞர் கெதே 1779-இல் இதைப் பார்த்துவிட்டுத்தான் நீரின் மேல் ஆவிகள் பாடுவதாக ஒரு கவிதை எழுதினார். இந்த அருவியைக் காலையில் பாருங்கள். அது மேற்குச் சுவரில், கிழக்குப் பார்த்து விழுகிறது. கிழக்கு மலையைத் தாண்டிச் சூரியன் எழுந்து வரும்போது வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கமிருந்து அருவியில் விழும். சாரலில் வானவில் தோன்றும். தண்ணீர் பாதி வழியிலேயே உதிர்ந்து தூளாகி, காற்று அடிக்கும் பக்கமெல்லாம் அலைவதைச் சற்று நேரம் கவனியுங்கள். முதல் நாள் மழை பெய்திருந்தால் பெரிய அருவி; ஆகஸ்ட் இறுதி வெயிலில் மெல்லிய இழை.

அங்கிருந்து ஷ்டெஹல்பெர்க் வரை ஆற்றோரமாகச் சமதளப் பாதை போகிறது. வழியில் ட்ரும்மல்பாக்: மலையின் வயிற்றுக்குள்ளேயே விழும் பத்து அருவிகள். ஐகர், மோன்ஷ், யுங்ஃப்ரவ் ஆகிய மூன்று சிகரங்களிலிருந்து இந்தப் பக்கம் இறங்கும் பனியாறுகள் உருகி இந்தத் துளை வழியாக இறங்குகின்றன. வினாடிக்கு 20,000 லிட்டர் வரை. இங்கே பிற்பகலில் போவது நல்லது. வெயில் ஏற ஏறப் பனி உருகி நீர் பெருகும். ஆற்று நீர் பால் கலந்தாற்போல் வெளுத்திருப்பதற்குக் காரணம், பனியாறு அரைத்துக் கொண்டுவரும் பாறை மாவு.

இனி இடைத்தட்டு. லவுட்டர்புருன்னனிலிருந்து கேபிள் காரில் ஏறினால் சில நிமிடங்களில் க்ரூச்சால்ப். அங்கிருந்து முர்ரன் வரை, 1891 முதல் ஓடும் குட்டி ரயிலின் தண்டவாளத்தை ஒட்டியே பாதை போகிறது. ஒன்றேகால் மணி நேர நடை. ஏற்றம் மிகக் குறைவு. ஏறும் வேலையைக் கேபிள் கார் முடித்துவிட்டதால் உங்கள் தெம்பை முழுக்கப் பார்ப்பதற்கே செலவிடலாம். முதலில் ஊசியிலைக் காடு. மரங்களின் இடைவெளியில் ஒரு சிகரம் தெரிந்து மறையும். பிறகு காடு விலகிப் புல்வெளி வந்ததும் எதிரே மூன்றும் வரிசையாக நிற்கும்: ஐகர் 3,967 மீட்டர், மோன்ஷ், 4,158 மீட்டர் யுங்ஃப்ரவ். நடுவே பள்ளத்தாக்கு அறுந்து விழுந்திருக்கும்.

எந்த நேரத்தில் போவது என்பதுதான் இங்கே முக்கியம். சிகரங்கள் கிழக்கே இருப்பதால் காலையில் அவை எதிர்வெளிச்சத்தில் கறுத்துத் தெரியும். மூன்று மணிக்கு மேல் மேற்கு வெயில் நேராக அவற்றின் முகத்தில் விழும்போது பனியின் மடிப்பும் பாறையின் வெடிப்பும் ஒவ்வொன்றாகத் தெளியும். மாலையில் நீங்கள் நிற்கும் தட்டு நிழலுக்குள் போன பிறகும் சிகரங்களில் வெளிச்சம் நிற்கும். மலையில் பிற்பகல் இடி மின்னல் வழக்கம் என்பதும் உண்மை. ஆகவே உயரமான பாதைகளைக் காலையில் முடித்துவிட்டு, ரயில் நிலையம் அருகிலேயே இருக்கும் இந்தப் பாதையை மாலைக்கு வைத்துக்கொள்வதே சரியான கணக்கு.

காலைக்கு உகந்தது, முர்ரனுக்கு மேலே 1,907 மீட்டரில் உள்ள அல்மெண்ட்ஹூபல். அங்கும் ரயில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து மேய்ச்சல் வெளிகள் வழியாகச் சுற்றி முர்ரனுக்கு இறங்கும் பாதையில், இந்த மலைகளின் வடக்குச் சுவர்களில் மனிதர்கள் ஏறிய கதையைச் சொல்லும் பலகைகள் உண்டு. ஐகரின் வடக்குச் சுவர் 1938-இல்தான் முதன்முதலாக ஏறப்பட்டது. பலகைகளைப் படியுங்கள், ஆனால் கண் காலடியிலும் இருக்கட்டும். கோடைத் தொடக்கத்தில் புல்லோடு புல்லாக, விரல்நுனி அளவில் ஜென்ஷியன் பூக்கள் மலர்ந்திருக்கும். மையை ஊற்றியதுபோன்ற நீலம். மேகம் வந்து வெளிச்சம் குறைந்தால் இதழ்களை முறுக்கி மூடிக்கொள்ளும். வெயில் வந்தால் திறக்கும். இதைப் பார்க்க உட்கார வேண்டும், குனிய வேண்டும். சரிவுகளில் செம்பூக்களோடு இருக்கும் புதர், நீலகிரியின் காட்டுப்பூவரசு சேர்ந்த ரோடோடென்ட்ரான் இனமே. இங்கே இடுப்பளவுக்கு மேல் வளர்வதில்லை. பூக்களைப் பறிக்காதீர்கள். வைக்கோலுக்குப் புல் அறுக்கத் தொடங்கிவிட்டால் தாழ்ந்த வெளிகளில் பூ இருக்காது. பூக்களுக்காகப் போகிறவர்கள் ஜூன் கடைசியிலோ ஜூலைத் தொடக்கத்திலோ போகவேண்டும்.

ஜூனில் பசுக்கள் மேலே ஏறிவிடும். பனிமூட்டத்தில் மாட்டைத் தேடிக் கண்டுபிடிக்கக் கட்டிய மணிதான், நடக்கும்போது சரிவெங்கும் கேட்கும் ஓசை. சிறியதும் பெரியதுமாக ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல். கன்றோடு நிற்கும் பசுவின் அருகே போகாமல் சுற்றிப் போங்கள். திறந்த வேலிப் படலை மறக்காமல் சாத்துங்கள். சுற்றுலாவுக்காக வைத்த காட்சியல்ல இது. கோடை முழுதும் மேலே பால் கறந்து பாலாடைக்கட்டி செய்யும் குடும்பங்களின் பிழைப்பு.

வழிகாட்டிப் பலகைகளை நம்பலாம். மஞ்சள் பலகை சாதாரணப் பாதை. வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு இருந்தால் மலைப்பாதை. நல்ல பிடிப்புள்ள காலணி கட்டாயம். வெள்ளை-நீலம்-வெள்ளை நமக்கு வேண்டாம். பலகைகளில் தூரம் இருக்காது, நேரம்தான் இருக்கும். அதுவும் நிற்காமல் நடப்பவரின் நேரம். ரசிக்க வந்தவர்கள் அதோடு பாதியைக் கூட்டிக்கொள்ளவேண்டும். நடைபாதைகளைக் காக்கும் பொறுப்பை 1979-இல் மக்கள் வாக்கெடுத்துத் தங்கள் அரசியல் சாசனத்திலேயே சேர்த்த நாடு இது.

கால் உறுதியானவர்கள் ஷ்டெஹல்பெர்க்கிலிருந்து ஏறி, பள்ளத்தாக்கின் கடைக்கோடியில் மின்சாரம் இல்லாத ஓபர்ஷ்டைன்பெர்க் விடுதியில் ஓர் இரவு தங்கலாம். ஏற்றம் கடுமைதான்; பட்ட பாடு வீண் போகாது.

கட்டுச்சோறு எடுத்துப்போங்கள். வழியில் மரத்தொட்டிகளில் ஊற்று நீர் விழும். குடிக்கக்கூடாதென்ற பலகை இல்லாவிட்டால் குடிக்கலாம். ஜூலையிலும் மேலே குளிர் இறங்கும் என்பதால் மழைச்சட்டையும் கம்பளிச் சட்டையும் பையில் இருக்கட்டும். பேர்ன் நகரிலும் சுற்றிலும் வாழும் ஈழத்தமிழ்க் குடும்பங்களுக்கு இது போய்த் திரும்ப ஒரு பகல் போதும் தொலைவு. ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவையும் தயங்காமல் க்ரூச்சால்ப் பாதைக்குக் கூட்டிப்போகலாம். இடையில் களைத்தால் விண்டரெக் நிலையத்தில் ரயில் ஏறிக்கொள்ளலாம்.

இரண்டு நாள் இருந்தால் ஒன்றைச் சிகரத்துக்கும் ஒன்றை நடைக்கும் கொடுங்கள். ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால், வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், யுங்ஃப்ரவ்யோஹ் சீட்டை விட்டுவிட்டு முர்ரன் பாதையில் நடக்கத்தான் சொல்வேன்.