மழைக்கோட்டு மூச்சு விடுமா?

கும்பக்கரையில் மலையடிவாரத்தில் ஏறத் தொடங்கும்போது உடம்பெல்லாம் வியர்த்து வழிகிறது. வெள்ளகவி வழியாகக் கொடைக்கானலுக்குச் செல்லும் பழைய நடைபாதை இது. மோட்டார்ச் சாலை வருவதற்கு முன் மக்கள் இவ்வழியேயும் மலை ஏறினர். கொடைக்கானலை எட்டும்போது ஏறத்தாழ 1,700 மீட்டர் உயர்ந்துவிடுகிறோம். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6 டிகிரி வீதம் காற்று குளிர்வதால், மேலே வெப்பம் அடிவாரத்தைவிட 10 டிகிரி குறைவாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழையும் மூடுபனியும் சேர்ந்துகொள்ளும்.

இத்தகைய நடைக்கு எடை குறைந்த மழைக்கோட்டு வாங்கச் செல்லும் மாணவர், விலைச் சீட்டில் இரண்டு எண்களைக் காண்கிறார்: 10,000 மி.மீ.; 10,000 கிராம். தண்ணீர் உள்ளே புகாது, வியர்வை ஆவி வெளியேறும் என்பது இவற்றின் பொருள். இவற்றை எவ்வளவு தூரம் நம்பலாம்?

முதல் எண் நேர்மையானது. துணியின்மேல் 10,000 மி.மீ., அதாவது 10 மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றாலும் அது கசியாது என்பதே அதன் பொருள். முதுகுச் சுமை 10 கிலோ எனவும், அதன் வார்கள் தோளில் 100 சதுர சென்டிமீட்டர் பரப்பில் அழுத்துகின்றன எனவும் கொள்வோம். அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 100 கிராம். இது ஒரு மீட்டர் நீரின் அழுத்தத்துக்குச் சமம். எனவே 10,000 மி.மீ. துணி தாராளமாகப் போதும். 20,000 என்று போட்டு விலையைக் கூட்டினால் நமக்கு ஆதாயம் சிறிதே. நீர் பெரும்பாலும் புகுவது துணி வழியே அன்று. தையல், ஜிப், கழுத்து ஆகியவற்றின் வழியே. தையல்களின் உட்புறம் நாடா ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதே முதற்கடமை.

இரண்டாவது எண்தான் நம்மை ஏமாற்றுகிறது. ஒரு சதுர மீட்டர் துணி 24 மணி நேரத்தில் 10,000 கிராம் நீராவியை வெளியே விடும் என்கிறது அது. மணிக்கு 416 கிராம்! ஆனால் ஆவி தானாக வெளியேறுவதில்லை. உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஆவியழுத்த வேறுபாடே அதை வெளியே தள்ளுகிறது. சோதனை முறைகளுள் ஒன்றில் ஒரு பக்கம் 40 டிகிரி ஈரக்காற்றும் மறுபக்கம் ஈரத்தை உறிஞ்சும் உப்பும் இருக்கும். அங்கே வேறுபாடு பாதரச அளவில் சுமார் 50 மி.மீ. கொடைக்கானல் மழையிலோ வெளியே 12 டிகிரி. காற்றில் ஈரம் நிறைந்திருக்கிறது. கோட்டின் உள்ளே 25 டிகிரி என்று கொண்டாலும் வேறுபாடு 13 மி.மீ.தான். சீட்டிலுள்ள எண் அம்முறையில் பெறப்பட்டதாயின், அந்த 416 கிராம் ஏறத்தாழ 110 கிராமாகச் சுருங்கிவிடும். சுமையுடன் ஏற்றம் ஏறுபவருக்கு மணிக்கு அரை லிட்டர் வியர்ப்பது எளிது. மிச்சம் எங்கே போகும்? கோட்டின் குளிர்ந்த உட்புறத்தில் நீராகப் படியும். 'கோட்டு கசிகிறது' என்று பலர் குறை கூறுவது பெரும்பாலும் அவர்களுடைய வியர்வையைப் பற்றியேயாகும்.

1823-இல் சார்லஸ் மாக்கின்டாஷ் இரண்டு துணிகளுக்கிடையே ரப்பரை வைத்து ஒட்டிய நாளிலிருந்து உள்ள தொல்லை இது. 1969-இல் ராபர்ட் கோர் டெஃப்லானை வேகமாக இழுத்து நுண்துளைப் படலம் உண்டாக்கினார். நீர்த்துளி நுழைய முடியாத, ஆவி மட்டும் செல்லக்கூடிய துளைகள் அவை. இது அரிய சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் வெளித்துணியின் நீரொட்டாப் பூச்சு தேய்ந்து துணி நனைந்துவிட்டால், அந்த நீர்ப்படலமே ஆவிக்குத் தடையாகிறது. இப்பூச்சுகளில் பயன்பட்டு வந்த புளோரின் சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் எளிதில் சிதைவதில்லை. அவற்றுள் ஒன்றான பி.எஃப்.ஓ.ஏ. 2019-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

அப்படியானால் எதை வாங்குவது? சாக்கை மடித்துக் கொங்காணியாகப் போட்டுக்கொள்ளும் நம் உழவரைப் பாருங்கள். கீழே திறந்திருப்பதால் காற்று தாராளமாக உலவுகிறது. இதே தத்துவத்தில் அமைந்த பிளாஸ்டிக் போர்வை, காற்றடிக்காத காட்டுப் பாதையில் விலையுயர்ந்த கோட்டுக்குச் சளைத்ததன்று. ஆனால் திறந்த புல்மேட்டில் காற்று அதைத் தூக்கி எறிந்துவிடும்; முட்செடி கிழித்துவிடும். அங்கே தொப்பியும், அக்குளில் திறக்கும் ஜிப்பும் உள்ள தளர்வான கோட்டே ஏற்றது. மூச்சு விடுவது துணியன்று, அந்தத் திறப்புகளே!

இது வெறும் வசதிப் பேச்சன்று. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் தேவை. அதை நம் உடம்பே கொடுக்கிறது. நனைந்த பருத்திச் சட்டையுடன் 12 டிகிரி காற்றில் ஓய்வெடுக்க அமர்ந்தால் நடுக்கம் தொடங்கி, உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறையலாம். எனவே உள்ளே கம்பளி அல்லது பாலியெஸ்டர் பனியன் அணியுங்கள். வியர்க்காத வேகத்தில் ஏறுங்கள். மாற்றுச் சட்டை ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். அதிக விலைக் கோட்டு வாங்க முடியவில்லையே என்று எந்த மாணவரும் வருந்த வேண்டியதில்லை. உலர்ந்த அந்த ஒரு சட்டை, சீட்டிலுள்ள இரண்டாவது எண்ணைவிட நம்பத் தகுந்தது.