வழிநூலும் விடைக்குறிப்பும்

பாடநூலை ஒரு பிரதியாக எடுத்துவைத்துப் பேசும் வழக்கம் நமது விமர்சனத்தில் அனேகமாக இல்லை. காப்பியங்களைக் கட்டுடைத்தோம், நாவல்களைக் கட்டுடைத்தோம். தமிழ் இலக்கியம் என்றால் இன்னதுதான் என்று நமக்கு முதன்முதலில் வரையறுத்துக் காட்டிய, நம்மை மனப்பாடம் செய்யவைத்த அந்தப் புத்தகத்தை மட்டும் தொடாமல் விட்டுவிட்டோம். எம்.ஏ. தமிழின் இலக்கிய வரலாற்றுத் தாளுக்கு ஒரு திறந்த பாடநூல் எழுதலாம் என்று நண்பர்கள் சிலர் கூடியபோது நானும் போயிருந்தேன். யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், படியெடுக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பரப்பலாம் என்று எழுதியவர்களே உரிமம் கொடுத்துவிடும் நூல். நல்ல காரியம். ஆனால் பேச்சு முழுக்க 'இலவசம்' என்ற சொல்லைச் சுற்றியே ஓடியது. அங்கே நான் சரியாகச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் எம்.ஏ. படித்தபோது அந்தத் தாளுக்கான புத்தகம் அச்சில் இல்லை. துறையில் ஒரே ஒரு படி, அதுவும் பூட்டிய பீரோவுக்குள். கல்லூரிக்கு எதிர்த்த ஜெராக்ஸ் கடையில் அதன் நகலின் நகல் கட்டாகக் கிடைக்கும். நடுவில் நாலு பக்கம் கிடையாது. எத்தனை செட் அந்த நாலு பக்கம் இல்லாமலே பாஸாகிப் போனதோ! ஓரங்களில் முன்னால் படித்த யாரோ எழுதிவைத்திருந்தார். கையெழுத்தைப் பார்த்து 'அக்கா' என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம். களப்பிரர் காலத்தை இருண்ட காலம் என்று சொல்லும் வரிக்குப் பக்கத்தில் அக்கா எழுதியிருந்தது ஒரே ஒரு சொல்: 'யாருக்கு?' ஒவ்வொரு நகலிலும் அந்தக் கேள்வியும் நகலாகி வந்தது. கடைக்காரரிடம் கேட்டால், "அது பாட்டுக்குக் கெடக்கு தம்பி, அதுக்குன்னு தனியாவா காசு கேட்டேன்" என்பார்.

ஜெராக்ஸ் கடையை இளக்காரமாகப் பேச முடியாது. 2012-இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் ஆகிய மூன்று பதிப்பகங்கள் தில்லிப் பல்கலைக்கழகத்தின் மீதும் ராமேஷ்வரி என்ற ஜெராக்ஸ் கடையின் மீதும் வழக்குத் தொடுத்தன. பாடத்திட்டத்துக்கு வேண்டிய பகுதிகளைப் பல நூல்களிலிருந்து எடுத்து ஒரே கட்டாக நகலெடுத்து விற்றதுதான் குற்றம். மாணவர்களும் ஆசிரியர்களும் அமைப்பாகத் திரண்டு வழக்கில் சேர்ந்துகொண்டார்கள். பதிப்புரிமை என்பது தெய்வம் தந்ததோ இயற்கையாய் அமைந்ததோ அல்ல என்று சொல்லி, 2016 செப்டம்பரில் தில்லி உயர்நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. கற்பித்தலின் பொருட்டு நகலெடுக்க 1957-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இடமிருக்கிறது என்பதை டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வும் ஏற்றது. 2017-இல் பதிப்பகங்கள் வழக்கையே திரும்பப் பெற்றன. பெரிய வெற்றி, சந்தேகமில்லை. ஆனால் கிடைத்தது படியெடுக்கும் உரிமை. இருப்பதை இருப்பபடியே எடுத்துக்கொள்ளலாம். பிரதியின் அதிகாரம் அப்படியே இருக்கிறது. விலை மட்டும்தான் இறங்கியிருக்கிறது.

திறந்த பாடநூல் இதைத் தாண்டிப் போகிறது என்பதால்தான் எனக்கு அதில் அக்கறை. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002-இல் வந்தன. அமெரிக்காவில் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் 2012-இல் இயற்பியலுக்கும் சமூகவியலுக்கும் முழுப் பாடநூல்களை, எழுதியவர் பெயரைச் சொன்னால் போதும், மாற்றிக்கொள்ளலாம் என்ற நிபந்தனையோடு வெளியிட்டது. இந்த 'மாற்றிக்கொள்ளலாம்' நமக்குப் புதிதல்ல. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று நன்னூல் பாயிரம் பிரிக்கிறது. முன்னோர் முடிபைத் தழுவி, பின்னவன் தனக்கு வேண்டிய வேறுபாட்டையும் செய்துகொள்வது வழிநூல். அது திருட்டல்ல, ஒரு நூல்வகை. இதைப் பிடித்துக்கொண்டு 'எல்லாம் அன்றே நம்மிடம் இருந்தது' என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். வேறுபாடு மரபை அழிக்கக் கூடாது என்ற கட்டும் அங்கேயே போடப்பட்டிருக்கிறது. யாருக்கெல்லாம் நூலைச் சொல்லித்தரக் கூடாது என்ற பட்டியலும் அதே பாயிரத்தில்தான் வருகிறது. அதில் ஒருவன், பழைய நூலைக் கண்டு அஞ்சுகிறவன். எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அந்த ரகம்.

இனி களப்பிரருக்கே வருகிறேன். இருண்ட காலம் என்ற கட்டமைப்பை மறுத்து மயிலை சீனி. வேங்கடசாமி தனிநூலே எழுதியிருக்கிறார். அவர் நூல்கள் நாட்டுடைமை ஆகிவிட்டன. யாரும் அச்சிடலாம், யாரும் எடுத்தாளலாம். அதாவது மாற்றுக்குரல் இலவசமாகவே கிடைக்கிறது. அப்படியும் 'இருண்ட காலம்' ஏன் வகுப்பறையை விட்டுப் போகவில்லை?

கௌரவ விரிவுரையாளராக இருந்தபோது விடைத்தாள் திருத்தப் போனேன். ஒரு பையன் (பெண்ணாகவும் இருக்கலாம், எண் மட்டும்தானே தெரியும்) களப்பிரர் காலத்தை இருண்டது என்பது வைதிகச் சார்புடைய பார்வை என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தது. அடித்தல் திருத்தலோடு, ஆனால் யோசித்து எழுதியது. ஐந்துக்கு நாலு போட்டேன். மேலே இருந்தவர் அதை ஒன்றாக்கினார். "கீயில என்ன இருக்கோ அதப் பாருங்க சார், நம்ம ஆராய்ச்சிய இங்க பண்ணக் கூடாது." அவரைக் குறை சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. நமது பல்கலைக்கழகங்களில் மெய்யான பாடநூல் அந்த விடைக்குறிப்புதான். அச்சில் வருவது அதற்கு உரை. உரையை எத்தனை முறை திறந்துவைத்தாலும் மூலம் பூட்டியே கிடக்கும்.

ஆகவே நண்பர்களிடம் நான் கேட்பது இது. அத்தியாயங்களோடு வினாக்களையும் விடைக்குறிப்பையும் சேர்த்தே எழுதுவோம். ஒரே வினாவுக்கு ஒன்றுக்கொன்று முரண்படும் இரண்டு விடைகள் குறிப்பில் இருக்கட்டும். இணைவுக் கல்லூரிகளில் இது இப்போதைக்கு நடக்காது; வினாத்தாள் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறது. தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே வினாத்தாள் அமைக்கின்றன. அங்கே ஒரு துறை சம்மதித்தால் போதும், தொடங்கிவிடலாம்.

"நாலு பதிப்பு இருந்தா புள்ள எதப் படிக்கும்?" என்றார் ஒரு தோழர். நியாயமான கேள்வி. இதைவிடச் சங்கடமான ஒன்றும் உண்டு. தலித் எழுத்துக்குக் கடைசிப் பக்கத்தில் ஒரு பத்தி ஒதுக்கும் இன்றைய வரலாற்று நூல்களைத் திருத்துவதற்காக நாம் திறக்கிற அதே வழியில் வந்து, அந்தப் பத்தியையும் எடுத்துவிட்டுத் தன் சாதிப் புலவர்களுக்கு ஓர் அத்தியாயம் சேர்க்க எவனுக்கும் உரிமை உண்டு. உரிமம் அவனைத் தடுக்காது. எங்கள் பெயரை அவன் தவறாகப் பயன்படுத்தினால் ஆட்சேபிக்கலாம், அவ்வளவுதான். இதை மறைத்துக்கொண்டு 'அறிவு பொதுச்சொத்து' என்று முழங்குவதில் எனக்குச் சம்மதமில்லை.

கூலியைப் பற்றியும் யாரும் பேசவில்லை. 'சேவையா நெனச்சு எழுதுங்க' என்றார்கள். அறையிலிருந்தவர்களில் பாதிப்பேர் தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள். ஓப்பன்ஸ்டாக்ஸ் நூல்களுக்குப் பின்னால் ஹியூலெட், கேட்ஸ் போன்ற அறக்கட்டளைகளின் பணம் இருந்தது. அந்தப் பணத்தின் அரசியல் தனியே பேசவேண்டியது. ஆனால் படிப்பவனுக்கு இலவசம் என்பதும் எழுதுகிறவனுக்கு வெறுங்கை என்பதும் ஒன்றல்ல என்பதாவது அங்கே தெரிந்திருந்தது. ஆய்வு மாணவர்கள் எழுத, பேராசிரியர் பெயர் அட்டையில் ஏறும் வழக்கம் நமக்கு இருக்கும்போது, இந்தச் 'சேவை' என்ற சொல்லாடல் எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்லத் தேவையில்லை. அத்தியாயத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை, சிறியதானாலும், வேண்டும். எழுதியவர் பெயர் அந்தந்த அத்தியாயத்தின் தலைப்பில் வேண்டும்.

எனக்குப் பிரித்துத் தந்திருப்பது சங்கம் மருவிய காலம். களப்பிரர் அதில்தான் வருகிறார்கள். முதல் வரைவு முடிந்துவிட்டது. 'யாருக்கு?' என்பதையே வினாவாக வைத்திருக்கிறேன். எடுத்தாண்டவர் பெயரைச் சொல்லவேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை. எனக்கோ அக்காவின் பெயர் தெரியாது. பெயர் வரும் இடத்தில் என் பெயருக்கு முன்னால் ஒரு வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். பக்கத்துக்கு அழகாக இல்லை, எடுத்துவிடலாமே என்கிறார்கள்.