புகை மணக்கும் தீவு

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையோரம் உள்ள ஐலா தீவின் விஸ்கியை முதலில் முகர்பவர்களில் பலர், டிஞ்சர் அயோடின் மாதிரி இருக்கிறதே என்று முகம் சுளிப்பார்கள். அந்த வாடைதான் அதன் பெருமை. தீவில் மரம் குறைவு. ஆனால் சதுப்பில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்கிய பாசியும் புல்லும் பீட் என்னும் கரிய மண்ணாகக் கிடக்கின்றன. அதை வெட்டி உலர்த்தி எரித்து, முளைவிட்ட பார்லியை அந்தப் புகையில் காயவைக்கிறார்கள். பிறகு எத்தனை ஆண்டு பீப்பாயில் கிடந்தாலும் புகை முழுதாகப் போவதில்லை.

தென்கரையில் லாஃப்ராய்க், லாகவூலின், ஆர்ட்பெக் மூன்று ஆலைகளும் ஒரே பாதையில், நடந்தே போகும் தொலைவில். மூன்றிலும் புகைதான், ஆனால் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. லாஃப்ராய்க்கில் மருந்து நெடி தூக்கல். லாகவூலினில் புகைக்கு அடியில் உலர்பழ இனிப்பு. என் ஓட்டு லாகவூலின் 16 ஆண்டுக்கு. புகையே ஆகாது என்பவருக்கு அதே தீவில் புன்னஹாபன் இருக்கிறது; அதில் பெரும்பாலும் பீட் வாடையே இராது.

மீதிச் சுவை பீப்பாயின் உபயம். ஓக் பீப்பாயில் 3 ஆண்டாவது கிடக்க வேண்டும் என்பது சட்டம். அமெரிக்காவில் போர்பன் விஸ்கிக்குப் புதுப் பீப்பாய்தான் வேண்டும். அவர்கள் கழித்தது இங்கே வந்து வெனிலா மணம் தருகிறது. ஸ்காட்லாந்தின் ஸ்பேசைடு வட்டாரத்து மெக்காலன் விஸ்கிக்கோ ஷெர்ரி ஒயின் பீப்பாய்.

குடிக்கும்போது சில துளி தண்ணீர் போதும். சோடாவை நிரப்புகிறவர் இவ்வளவு செலவழிக்க வேண்டியதில்லை.