மினாராக்களும் மழையும்

அமெரிக்க நவீனத்துவப் புனைகதையை ஈன்றது முதல் உலகப் போர் என்பர் இலக்கிய வரலாற்றாசிரியர். 1918 ஜூலையில் இத்தாலியின் பியாவே ஆற்றங்கரையில், செஞ்சிலுவைப் பணியிலிருந்த 18 வயது ஹெமிங்வே குண்டுவீச்சில் காயமுற்றதை அதற்குச் சான்றாகக் காட்டுவர். நாம் இதை மறுக்கவில்லை. ஆயினும் இது போதாது. ஃபாக்னர் கனடாவில் விமானப் பயிற்சி முடிக்குமுன் போர் முடிந்தது. ஃபிட்ஸ்ஜெரால்டு சீருடை அணிந்தும் கடல் கடக்கவில்லை. எனினும் ஃபாக்னரின் முதல் நாவல் (1926) போரில் சிதைந்து வீடு திரும்பும் ஒருவனைப் பற்றியது; ஃபிட்ஸ்ஜெரால்டின் கேட்ஸ்பியும் (1925) போரிலிருந்து மீண்டவனே. காயத்தின் வடுவை மட்டும் தேடாமல், மொழி எங்கே மாறிற்று என்று கேட்பதே தகும்.

ஹெமிங்வேயின் மொழி இறுகிய இடங்களுள் ஒன்று திரேஸ். நம் திறனாய்வாளர் அதிகம் கவனியாத இடம் அது. 1922 செப்டம்பர் இறுதியில் டொரண்டோ நாளிதழொன்றின் செய்தியாளராக அவர் இஸ்தான்புல் சேர்ந்தார். அதற்குள் ஸ்மிர்னா எரிந்துவிட்டிருந்தது. அக்டோபரில் முதன்யா உடன்படிக்கைப்படி கிரேக்கப் படை கிழக்குத் திரேஸைவிட்டு வெளியேற, கிறிஸ்தவக் குடிகள் மாட்டுவண்டிகளில் எதிர்னே வழியே மழையில் சென்றதை அவர் நேரில் கண்டார். செய்தியாக எழுதிய அக்காட்சியையே சுருக்கி, 1924இல் பாரிஸில் வெளிவந்த சிறுநூலில் ஒரு பத்தியாக்கினார். அடைமொழிகள் பல நீங்கின. மினாராக்கள், சேறு, வண்டிகள், பிரசவ வேதனையில் ஒரு பெண் என எஞ்சியவை சிலவே. எழுத்தாளர் அழாததால் வாசகர் கலங்குகிறார்.

அந்த அகதிகள் கிறிஸ்தவர் என்பதால் அவர்தம் துயர் குறைந்ததாகாது. ஆனால் அதே ஆண்டில், பின்வாங்கிய கிரேக்கப் படை மேற்கு அனத்தோலியாவில் முஸ்லிம் ஊர்களை எரித்துச் சென்றது. இப்பக்கங்களில் அவ்வூரார்க்கு இடமில்லை; மினாராக்கள் தெரிகின்றன, அவற்றினடியில் தொழுதவர் தெரியவில்லை. கண்டதையே எழுதினார் என்று வாதிடலாம். காணாத ஸ்மிர்னாவையும் அவர் எழுதினாரே! 1930 பதிப்பில் தம் கதைத் தொகுதியின் முகப்பில் அவர் சேர்த்த துறைமுகக் காட்சி, பிறர் சொல்லக் கேட்டுப் புனைந்ததே. அதில் முன்னிற்கும் துருக்கியர் சீற்றங்கொண்ட அதிகாரி ஒருவர்.

1936இல் வெளியான கிளிமாஞ்சாரோ கதையில், சாகக் கிடக்கும் எழுத்தாளன் தான் எழுதாமல் விட்டவற்றை எண்ணி வருந்துகிறான். அனத்தோலியப் போர்க்களமும் அவ்வரிசையில் வருகிறது. அங்கும் துருக்கியர் முகமற்ற திரளாகவே முன்னேறுகின்றனர்.