அளக்கும் நூலும் வளர்க்கும் நூலும்

கடல் கடந்து சென்று பொருளீட்டுவது நம் மக்களுக்குப் புதிய செய்தியன்று. 'சபர்' என்னும் ஒரு சொல்லுக்குள் தலைமுறை தலைமுறையான பிரிவையும் நம்பிக்கையையும் அடக்கி வைத்திருப்பவர்கள் நாம். முன்பெல்லாம் போய்ச் சேர்ந்த ஊரில் கடையிலும் தெருவிலும் பழகியே அந்நாட்டு மொழியைக் கற்றார்கள். இன்று மேற்படிப்புக்காகவோ மருத்துவமனைப் பணிக்காகவோ பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் செல்ல விரும்பும் பிள்ளைகள், பெரும்பாலும் புறப்படுமுன்னரே ஓர் ஆங்கிலத் தேர்வில் தங்கள் திறனை மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. அதனால் அத்தேர்வுக்கான பயிற்சி நூல்கள் நம் இல்லங்களில் அடுக்கடுக்காய்ச் சேர்கின்றன.

கதையையும் கவிதையையும் நிறுத்துப் பார்க்கும் நாம் இந்நூல்களை மட்டும் நிறுத்துப் பார்ப்பதில்லை. நாவல் ஒன்று நன்றாக இல்லாவிட்டால் வீணாவது ஒரு மாலைப்பொழுது. பயிற்சி நூல் தவறான வழியைக் காட்டினாலோ, குடும்பத்தின் சேமிப்பும் பிள்ளையின் ஓராண்டும் வீணாகும். ஆகவே இந்நூல்களும் திறனாய்வுக்கு உரியவையே.

இத்தகைய தேர்வுகளின் வரலாறு நீண்டது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1913-ஆம் ஆண்டில் அயல்மொழியாளருக்கென ஆங்கிலப் புலமைத் தேர்வு ஒன்றைத் தொடங்கியது. மொழிபெயர்ப்பு, இலக்கணம், ஒலியியல், கட்டுரை, உரையாடல் என ஏறத்தாழ 12 மணி நேரம் நீண்ட அத்தேர்வை முதலாண்டில் எழுதியவர்கள் மூவர், மூவருமே தேறவில்லை. இன்று நம் பிள்ளைகள் மிகுதியாக எழுதும் ஐ.ஈ.எல்.டி.எஸ். தேர்வு 1989-இல் தொடங்கியது. கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள். மொத்தம் ஏறத்தாழ 2 மணி 45 நிமிடங்கள். கேட்டலிலும் படித்தலிலும் தனித்தனியே 40 வினாக்கள். எழுதுதலில் 150 சொற்களில் ஒன்றும் 250 சொற்களில் ஒன்றுமாக இரண்டு ஆக்கங்கள். பேசுதல் தேர்வாளர் ஒருவருடன் 11 முதல் 14 நிமிட உரையாடல். இவற்றுக்கு 9 வரை தரப்புள்ளிகள் அளிக்கப்படுகின்றன.

இத்தேர்வுக்கான நூல்களை இருவகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, தேர்வுத்தாள் தொகுப்புகள். கேம்பிரிட்ஜ் வெளியிட்டு வரும் வரிசை இவற்றில் பெயர் பெற்றது. ஒவ்வொரு தொகுதியிலும் நான்கு முழுத் தேர்வுகள் உள்ளன. நம்பகமானவை, தேர்வின் உருவத்தை உள்ளபடி காட்டுபவை. குறை நூலில் இல்லை. அதைக் கையாளும் முறையில் இருக்கிறது. மாணவர் ஒரு தாளை எழுதுகிறார். விடைப்பட்டியலைப் பார்த்து மதிப்பெண்ணைக் கூட்டுகிறார். மறுநாள் அடுத்த தாளுக்குப் போய்விடுகிறார். பத்துத் தொகுதிகளை முடித்த பின்பும் புள்ளி உயரவில்லையே என்று கலங்குகிறார். களத்து நெல்லை மரக்காலால் எத்தனை முறை அளந்தாலும் ஒரு படி கூடிவிடாது. தேர்வுத்தாள் அளக்கும் கருவி. அது தானாக மொழியை வளர்ப்பதில்லை.

வளர்க்கும் பக்கங்களும் அந்நூல்களிலேயே இருக்கின்றன. கடைசியில் அச்சிடப்பட்டிருப்பதால் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். ஒலிப்பதிவின் எழுத்து வடிவம் அங்கே உள்ளது. தேர்வறையில் ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஒலிக்கும். ஆனால் வீட்டில், தவறிய வினாவுக்குரிய வரியை எழுத்தில் கண்டு மீண்டும் கேட்டால், காது எங்கே இடறியது என்பது விளங்கும். தெரிந்த சொல்லே வேகத்தில் கரைந்து போயிருக்கலாம், சொல்லே தெரியாதிருக்கலாம், முதலில் சொன்னதைப் பேசுபவர் பிறகு திருத்திக்கொண்டதை மாணவர் கவனியாதிருக்கலாம். மூன்றும் வெவ்வேறு நோய்கள், மருந்துகளும் வெவ்வேறு. மாணவர்கள் எழுதிய மாதிரி விடைகளும் அவற்றின் மேல் தேர்வாளர் எழுதிய குறிப்புரைகளும்கூட அப்பின்பக்கங்களில்தான் இருக்கின்றன. ஒருவருடைய விடை ஏன் இன்ன புள்ளி பெற்றது என்று சொல்லும் அக்குறிப்புரையைவிடச் சிறந்த ஆசான் அந்நூலில் வேறில்லை.

இரண்டாம் வகை, மனப்பாட நூல்கள். 'எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் கட்டுரை', 'உயர்புள்ளி தரும் நூறு தொடர்கள்' என்ற பாணியில் விற்கப்படுபவை. இவற்றின் மாதிரிக் கட்டுரைகள் யாவும் ஒரே அச்சில் வார்த்தவை. இன்றைய நவீன உலகில் இது பெரும் விவாதத்துக்குரிய பொருள் என்று தொடங்கும். முதலாவதாக, மேலும், அதுமட்டுமன்றி என்று வாக்கியத்துக்கு வாக்கியம் இணைப்புச் சொல் வரும். ஒவ்வொன்றிலும் நன்மையும் தீமையும் உண்டு என்று முடியும். தலைப்பை எடுத்துவிட்டால் கட்டுரை எதைப் பற்றியது என்று யாராலும் சொல்ல இயலாது.

இந்நூல்களுக்காகப் பேசுவோர் இல்லாமலில்லை. தேர்வுக்கு இன்னும் இரண்டு மாதமே உள்ளது. கடன் வாங்கிக் கட்டணம் கட்டியாயிற்று. இந்நிலையில் மொழியை அடியிலிருந்து கற்பிக்க ஏது நேரம், கைப்பிடியாக நான்கு வாக்கியங்களாவது இருக்கட்டுமே என்பது அவர்கள் வாதம். அதில் இருக்கும் கவலை நியாயமானது. ஆனால் அந்தக் கைப்பிடி தாங்குமா என்பதே கேள்வி.

எழுத்துக்கான மதிப்பீட்டு அளவைகள் ஒளிவு மறைவானவை அல்ல, பொதுமக்களுக்காக வெளியிடப்பட்டவை. கேட்டதற்கு விடை சொல்லல், கருத்தின் கோவை, சொல்வளம், இலக்கணம் ஆகிய நான்கும் சம எடையுடன் பார்க்கப்படுகின்றன. கோவை என்னும் தலைப்பின் கீழ் 6 புள்ளிக்குரிய விளக்கம், வாக்கியங்களின் இணைப்பு பிழையுள்ளதாகவோ இயந்திரத்தனமாகவோ இருக்கக்கூடும் என்கிறது. மனப்பாட நூல் ஊட்டுவது அந்த இயந்திரத்தனத்தைத்தான். பிரிட்டனில் செவிலியராகப் பதிவு பெற இத்தேர்வின் வழியே செல்பவருக்குத் தேவையான புள்ளிகளோ, கேட்டல், படித்தல், பேசுதலில் 7, எழுதுதலில் 6.5. அந்த அரைப்புள்ளியில் ஒரு பெண்ணின் எதிர்காலம் நிற்கிறது. 6 புள்ளியின் குறையையே பழக்கமாக்கும் நூலை, 6.5 தேவைப்படுகிறவரின் கையில் கொடுப்பது உதவியாகாது. தேர்வின் உருவத்தை அறிந்துகொள்ளச் சில வாரங்கள் போதும். எஞ்சிய நாட்கள் மொழிக்கே உரியவை.

நூலை மட்டும் மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுவதும் பொருந்தாது. இதற்கு நம் அண்டை நாடான இலங்கையே சான்று. அங்கே அன்றாட வாழ்வுக்கான ஆங்கிலத்தை முன்னிறுத்திப் புதிய பாடநூல்கள் எழுதப்பட்டன. அவற்றுக்கேற்ப 1988-இல் க.பொ.த. சாதாரண தர ஆங்கிலத் தேர்வும் மாற்றப்பட்டது. நல்ல தேர்வு நல்ல கற்பித்தலைக் கொண்டுவரும் என்பது எதிர்பார்ப்பு. லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் டயான் வால், சார்லஸ் ஆல்டர்சன் இருவரும் வகுப்பறைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவுகளை 1993-இல் வெளியிட்டனர். ஆசிரியர்கள் எதைக் கற்பித்தார்கள் என்பதைத் தேர்வு மாற்றியிருந்தது; எப்படிக் கற்பித்தார்கள் என்பதை மாற்றவில்லை. நூலும் தேர்வும் வந்து சேர்ந்தாலும் அவற்றை ஆளும் முறையைக் கற்பித்தவனுக்கும் கற்பிக்க வேண்டும் என்பதே அதன் பாடம்.

இவ்விருவகை நூல்களிலும் பொதுவாய்க் காணும் குறை இன்னொன்று உண்டு. பன்னாட்டுச் சந்தைக்கென எழுதப்படும் நூலுக்குத் தமிழ் மாணவர் எங்கே சறுக்குவார் என்பது தெரியாது. ஓர் எடுத்துக்காட்டு காண்போம். 'அவர் ஐந்து ஆண்டுகளாக இங்கே வேலை செய்கிறார்' என்பதை நம் மாணவர், 'ஹி இஸ் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்று எழுதுகிறார். தமிழில் நிகழ்காலம் இருப்பதால் ஆங்கிலத்திலும் நிகழ்காலத்தைப் போட்டார். அங்கே 'ஹேஸ் பீன் ஒர்க்கிங்' வரவேண்டும். ஆனால் அடுத்த பிழைக்குத் தமிழ் காரணமன்று, தமிழே மருந்து. '2010-லிருந்து' என்று தொடக்கத்தைச் சொன்னால் 'சின்ஸ்'. 'ஐந்து ஆண்டுகளாக' என்று கால அளவைச் சொன்னால் 'ஃபார்'. நம் மொழியில் ஏற்கெனவே இருக்கும் வேறுபாட்டைச் சுட்டிக்காட்டினால் ஐந்து நிமிடத்தில் தீரும் குழப்பம், நூறு பயிற்சிகளை நிரப்பியும் தீராமல் நிற்கிறது. 'தி' என்னும் சுட்டுக்கு நேரான சொல் தமிழில் இல்லாததும், பெயருக்கு முன்னே நாம் வைக்கும் பெயரெச்சத் தொடரை ஆங்கிலம் பெயருக்குப் பின்னே வைப்பதும் இவ்வாறே விளக்கத்தக்கவை. இப்பணியைத் தமிழறிந்த ஆங்கில ஆசிரியர்களே செய்ய முடியும்.

தேர்வுக்கென எழுதப்படாத நூல் தேர்வுக்கு உதவுவதும் உண்டு. ரேமண்ட் மர்ஃபி எழுதி 1985-இல் வெளிவந்த 'இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்' அத்தகையது. இடப்பக்கம் விளக்கம், வலப்பக்கம் பயிற்சி. ஆசிரியர் இல்லாமலும் கற்கலாம். முதலிலிருந்து கடைசிவரை படிக்கச் சொல்லும் நூலன்று அது. தன் பிழை எதுவோ அந்தப் பாடத்தை மட்டும் தேடிப் படிப்பவருக்குத்தான் அது முழுப் பயன் தரும்.

ஆகவே கடையில் ஒரு பயிற்சி நூலை எடுக்கும் பெற்றோர், அட்டையில் அச்சிட்ட புள்ளியைப் பார்க்க வேண்டாம். ஆங்கிலம் அறிந்த ஒருவரை உடனழைத்துச் சென்று பின்பக்கங்களைப் புரட்டச் சொல்லுங்கள். விடை சரி, தவறு என்பதோடு ஏன் என்பதும் சொல்லப்பட்டிருக்கிறதா? பிழை செய்தவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று வழி காட்டப்பட்டிருக்கிறதா? இருந்தால் வாங்கலாம். வாங்கிய பின், வாரத்துக்கு ஒரு தாள் எழுதினால் போதும். எஞ்சிய ஆறு நாட்களும் அந்த ஒரு தாளில் நேர்ந்த பிழைகளுக்கு உரியவை. இத்தேர்வின் முடிவு பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கே ஏற்கப்படுகிறது. பிழைகளோடு போராடிப் பெற்ற மொழியோ, போன ஊரில் நோயாளியின் வலியைக் கேட்டறியவும், சம்பள ஒப்பந்தத்தைப் படித்துப் புரிந்துகொள்ளவும், அநீதி நேர்ந்தால் வாய்திறந்து சொல்லவும் வாழ்நாள் முழுதும் உடன்வரும்.