கொடி மாறியது, கொள்கை?

குற்றாலத்துச் சாரலிலே நனைந்தபடி ஐந்தருவியைக் கண்டிருப்பீர்கள், தோழர்களே! ஒரே நீர்தான், பாறை பிரித்ததால் ஐந்தாகி வீழ்கிறது, கீழே வந்ததும் கலந்து ஓடுகிறது. எந்தக் கிளை எந்தப் பக்கம் வீழ்ந்தது, ஏன் வீழ்ந்தது என்று எவரும் கேட்பதில்லை. நீருக்குக் கொள்கை ஏது? ஆனால், நெஞ்சு படைத்த மனிதனுக்கு?

அருகிலுள்ள தென்காசி கேட்க வேண்டிய கேள்வி இது. கருப்பசாமி பாண்டியன் 1977இல் ஆலங்குளத்திலும், 1980இல் பாளையங்கோட்டையிலும் அ.தி.மு.க. வேட்பாளராக வென்றவர். 2006இல் தி.மு.க. சார்பில் தென்காசியின் உறுப்பினரானார். 2015இல் அங்கிருந்து நீக்கப்பட்டார். 2016இல் அ.தி.மு.க.; 2018இல் மீண்டும் தி.மு.க.; 2020இல் மறுபடியும் அ.தி.மு.க.! 2025 மார்ச்சில் மறைந்தார்.

மறைந்தவரைத் தூற்றுவதல்ல நம் நோக்கம். மனத்தில் பட்டதை மறைக்காமல் பேசியவர் அவர். 2017இல் தினகரன் துணைப் பொதுச்செயலாளர் ஆக்கப்பட்டதை எதிர்த்து, தம் கட்சிப் பொறுப்பையே உதறினார். துணிவுதான், பாராட்டுகிறோம். ஆனால் அந்த எதிர்ப்பும் நாற்காலியில் அமர்ந்தவர் யார் என்பது பற்றியது. நாட்டு மக்களுக்கு ஆவது என்ன என்பது பற்றியதன்று. நாவிலே துணிவு இருந்தது. அந்தத் துணிவு எந்தக் கொள்கைக்குக் காவல் நின்றது?

அவர் ஒருவரை மட்டும் குறை கூறுவானேன்? 2011இல் தென்காசியில் அவரைத் தோற்கடித்த சரத்குமாரைப் பாருங்கள். 2001இல் தி.மு.க. அனுப்பிய மாநிலங்களவை உறுப்பினர், 2006இல் அ.தி.மு.க.; 2007இல் தனிக்கட்சி; 2024இல் அதையும் பாரதிய ஜனதாவில் கரைத்தார். ஆக, அன்று வாக்காளர் முன் நின்ற இருவருமே கொடி மாற்றியவர்கள்! மக்கள் எதைப் பார்த்துத் தேர்வது? கொள்கையையா, முகத்தையா?

"மாறுவதே குற்றமா?" என்பர் சிலர். இல்லை! சிந்திப்பவன் மாறுவான்; மாறாதிருப்பது கல். பெரியாரும் மாறினார். 1925இல் காஞ்சிபுரம் மாநாட்டிலே வகுப்புரிமைத் தீர்மானத்துக்கு இடம் மறுக்கப்பட்டது. காங்கிரசை விட்டு வெளியேறினார். பின்னர் நீதிக்கட்சியை ஆதரித்தார், காமராசரை ஆதரித்தார், 1967க்குப் பின் அண்ணாவின் ஆட்சியை ஆதரித்தார். ஆனால் காஞ்சியில் கேட்ட உரிமையை, 1951இல் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்துக்கு வழி திறந்த கிளர்ச்சியிலும் கேட்டார். இறுதி நாள்வரை கேட்டார். மாறியவை துணைகள், மாறாதது கோரிக்கை. இதுதான் உரைகல்!

சட்டம் காக்கும் என்று இருந்துவிடலாமா? 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம், பதவியில் இருந்துகொண்டே தாவுகிறவரின் இருக்கையைத்தான் பறிக்கும். 2021இல் அ.தி.மு.க. சார்பில் ஆலங்குளத்தில் வென்ற மனோஜ் பாண்டியன், 2025 நவம்பரில் தி.மு.க.வில் சேர்ந்தபோது இருக்கையைத் துறந்தார். சட்டத்தின் கணக்கு தீர்ந்தது. வாக்களித்தவனின் கணக்கு? அதைத் தீர்க்கச் சட்டத்தில் வழியில்லை. மக்கள் மன்றத்தில்தான் உண்டு.

ஆகவே, இளைஞர்களே! கட்சி மாறி வருபவருக்கு மாலை சூட்டுமுன் மூன்று கேளுங்கள். நேற்று எதற்காகப் போராடினீர்? இன்றும் அதற்காகப் போராடுவீரா? அங்கே கிடைக்காது போனது மக்களுக்கா, உமக்கா? எதிர் அணியிலிருந்து வந்தவரிடம் மட்டுமல்ல, நம் அணிக்கு வருபவரிடமும் கேளுங்கள். அவரிடம்தான் முதலில் கேளுங்கள். நமக்கு வசதியான இடத்தில் வாய்மூடும் அறிவு, பகுத்தறிவு ஆகாது!