எந்த ஆறு என்று கேட்கும் கருவி

பயணப் படங்களைக் கதையாக்கித் தரும் செயலிகளுக்கு இன்று பஞ்சமில்லை. கேட்காமலேயே கைபேசி ஒரு காணொளியைச் செய்து நீட்டிவிடுகிறது. எனக்கு அது பிடிக்கவே இல்லை. சிரிக்கும் முகங்களாகப் பொறுக்கி எடுத்து, பின்னால் ஏதோ ஒரு கிட்டார் இசையை ஓடவிட்டு, வாய்க்காலையும் மதகையும் ஷட்டரையும் ஒதுக்கிவிடும். கல்லணையிலிருந்து பூதலூர் வழியாகத் தஞ்சாவூர் வரை தண்ணீரோடு போய் வந்தவனுக்கு அந்த ஒதுக்கப்பட்ட படங்கள்தான் கதை.

அதனால் சில வாரங்களாக ஸ்டோரிமேப்ஜேஎஸ் கருவியில் உட்கார்ந்திருக்கிறேன். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்து நைட் லேப் உருவாக்கியது, இலவசம். கூகுள் கணக்கு இருந்தால் போதும், உலாவியிலேயே வேலை முடியும். பக்கத்துக்கு ஒரு படம், ஒரு தலைப்பு, கொஞ்சம் எழுத்து. தமிழ் சிக்கலில்லாமல் ஏறுகிறது. முடித்ததும் கிடைக்கும் இணைப்பை யாருக்கும் அனுப்பலாம். வேலை செய்ய மட்டும் கணினித் திரைதான் வசதி.

என்னைக் கட்டிப்போட்டது வேறு ஒன்று. ஒவ்வொரு படத்துக்கும் இது இடம் கேட்கிறது. வரைபடத்தில் நாமே தேடிப் புள்ளி வைக்க வேண்டும். காவிரி டெல்டாவில் இது சின்ன வேலையில்லை. தண்ணீர், கரை, அந்தப் பக்கம் வயல் என்று எல்லாப் படமும் ஒன்றுபோலவே இருக்கும். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நீர் பிரிகிறது. திருக்காட்டுப்பள்ளி வந்தால் காவிரியிலிருந்து குடமுருட்டி, தென்பெரம்பூரில் வெண்ணாற்றிலிருந்து வெட்டாறு. இதில் என் படத்தில் இருப்பது எது?

ஒரு படத்துக்கு இடம் பிடிபடவே இல்லை. பூதலூர் டீக்கடையில் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். கைபேசியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தவர், “கரை நூல் புடிச்ச மாதிரி நேரா போவுது பாருங்க தம்பி. இது புதாறு. வெண்ணாறுன்னா வளைஞ்சு வளைஞ்சுல்ல போவும்” என்றார். மேட்டூர் அணைத் திட்டத்தோடு 1934இல் வந்த கல்லணைக் கால்வாயை இந்தப் பகுதியில் இன்றும் புதாறு என்றுதான் சொல்கிறார்கள். அது வெட்டிய ஆறு என்பதை அவர் கரையைப் பார்த்தே சொன்னார். அவர் சொன்னதை அப்படியே அந்தப் பக்கத்தில் எழுதி, புள்ளியை வைத்தேன். அந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த பக்கம் அதுதான்.

புள்ளிகள் சேரச் சேர, படங்களின் வரிசையே மாறிப்போனது. எடுத்த நேரப்படி அடுக்கியிருந்ததைக் கலைத்து, தண்ணீர் போகும் வழியில் அடுக்கினேன். கல்லணை ஷட்டருக்கு அடுத்து புதாறு, அடுத்து ஒரு தலைப்பு மதகு, அதன் கீழ் வாய்க்கால், கடைசியில் குறுவை நாற்றங்கால். மேட்டூரைத் திறந்தால் எங்கே என்ன நடக்கிறது என்பது வெளியூர் நண்பருக்கு இப்போது பார்த்தவுடன் புரிகிறது. அதைக் கிட்டார் இசை சொல்லித் தராது.

செய்து பார்க்க நினைப்பவர்கள் கிளம்பும் முன்பே கைபேசிக் கேமராவில் இடக்குறிப்பை இயக்கிவிடுங்கள். நண்பர்களிடமிருந்து படம் வாங்கும்போது ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் இடக்குறிப்பு கழன்றுவிடும். வீட்டு வாசல், பிள்ளைகள் படம் என்றால் துல்லியமான புள்ளி வேண்டாம், ஊர்ப் பெயர் போதும்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். கருவியின் அடிவரைபடமாக ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்துக்கொள்ளலாம். 2004இல் தொடங்கிய அந்த வரைபடத்தைத் தன்னார்வலர்கள்தான் வரைகிறார்கள். டெல்டாவில் பெரிய ஆறுகளைத் தாண்டினால், பெயரில்லாத நீலக்கோடுகள் அதில் நிறைய. உங்கள் ஊர் வாய்க்காலுக்கு உங்கள் வீட்டில் என்ன பெயர் சொல்கிறார்களோ, கணக்கு ஒன்று தொடங்கி அதை எழுதிவிடுங்கள். பெயர் தெரியாவிட்டால் கரையில் வேலை பார்க்கும் லஸ்கரைக் கேளுங்கள்.